ஆர்கோ மிதவைகள்

கடலுக்குள் தாமாகவே மூழ்கி எழுந்து, நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் ஆகியவற்றை ஆழவாரியாக அளந்து, செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்பும் தானியங்கிக் கருவிகள் ஆர்கோ மிதவைகள். தோற்றத்தில் ஒரு நீண்ட உருளை. உச்சியில் உணர்கருவிகளும் ஆன்டெனாவும் இருக்கும். முன்தள்ளும் விசிறி கிடையாது. அடியிலுள்ள ரப்பர்ப் பைக்குள் எண்ணெய் பாய்ந்தால் எடை மாறாமல் பருமன் கூடும், மிதவை எழும். எண்ணெய் உருளைக்குள் திரும்பினால் இறங்கும். 1000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல நீரோட்டத்தின் போக்கில் மிதந்து, 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்தபடியே மேலே வரும். பத்து நாளுக்கு ஒரு சுற்று.

இதன் மூதாதை, பிரிட்டிஷ் கடலியலாளர் ஜான் சுவாலோ 1955-இல் உருவாக்கிய அலுமினியக் குழாய் மிதவை. அது எழுப்பும் ஒலியைக் கேட்டபடி கப்பல் கூடவே அலைய வேண்டியிருந்தது. ஆழ்கடல் நீர் ஆமைவேகத்தில் நகர்வதாக நம்பப்பட்ட காலம் அது. 1960-ஐ ஒட்டி பெர்முடா அருகே விடப்பட்ட மிதவைகள் பெருஞ்சுழல்களில் அகப்பட்டு விரைந்தோடி, அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. தானே மேலெழுந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி தரும் மிதவையை, 1990 வாக்கில் அமெரிக்காவின் ரஸ் டேவிஸும் டக் வெப்பும் வடிவமைத்தனர். கப்பலின் காவல் அத்துடன் தேவையற்றுப் போனது.

இவற்றை உலகெங்கும் பரப்பும் பன்னாட்டுத் திட்டம் 1990-களின் இறுதியில் உருவாகி, 2007 நவம்பரில் 3000 மிதவைகளை எட்டியது. கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் செயற்கைக்கோளுக்குத் துணை என்பதால், கிரேக்கப் புராணத்தில் ஜேசன் ஏறிச்சென்ற கப்பலின் பெயரே இதற்கும் இடப்பட்டது. கப்பல்கள் அஞ்சி ஒதுங்கிய தென்பெருங்கடலின் குளிர்காலமும் முதன்முறையாக முறையான அளவீட்டுக்குள் வந்தது. இத்திட்டத்தின் ஆகப்பெரிய சாதனை இதுவே எனலாம்.

தடுமாற்றமும் நேர்ந்தது. 2003-க்கும் 2005-க்கும் இடையே மேல்கடல் குளிர்ந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு கூறியது. அடுத்த ஆண்டே அதே ஆய்வாளர்கள் பிழையைக் கண்டு திருத்தினர்: சில மிதவைகள் வெப்பநிலையைத் தவறான ஆழத்தோடு பொருத்தியிருந்தன, கப்பலிலிருந்து வீசப்படும் பழைய வகைக் கருவிகளும் கூடுதல் வெப்பம் காட்டியிருந்தன.

இந்தியப் பெருங்கடல் தரவுகளை ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் கவனித்துவருகிறது. வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய அடுக்காகப் படர்ந்து, கீழ்நீரோடு கலப்பதைத் தடுக்கிறது. மிதவைகள் காட்டும் அவ்வடுக்கின் தடிமனும் அடியில் தேங்கும் வெப்பமும் புயல் வலுப்பெறுவதைக் கணிக்க உதவுகின்றன.

தரவுகள் 24 மணி நேரத்துக்குள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆக்சிஜன், நைட்ரேட், அமிலத்தன்மை ஆகியவற்றை அளக்கும் மிதவைகளும் பின்னர் சேர்ந்தன. ஆனால் உலகக் கடல்நீரில் ஏறத்தாழப் பாதி 2000 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. 6000 மீட்டர் வரை இறங்கக்கூடிய மிதவைகள் இன்னும் சொற்பமே.