தேய்த்த கைகள்: சந்திரகிரி முதல் பிரைட்டன் வரை

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டைக்கு வருவோர் இராஜமகாலின் மூன்று தளங்களையும் அதனுள் அமைந்த தொல்லியல் அருங்காட்சியகத்தையும் பார்த்துத் திரும்புவர். விஜயநகரப் பேரரசின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்று என்பதே அவ்வூரின் புகழ். தலைநகராவதற்கு முன்பு அக்கோட்டைக்கு வேறொரு பயன் இருந்தது. 1509இல் அரியணை ஏறிய கிருஷ்ணதேவராயர், தம் உடன்பிறந்தார் மூவரையும் தமையன் மகனையும் இங்கே காவலில் வைத்ததாகப் போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் எழுதுகிறார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அச்சுதராயர் அரசராக வெளியே வந்ததும் இக்கோட்டையிலிருந்துதான்.

உடன்பிறந்தாரை நம்பாத அந்த அரசர், ஒவ்வொரு விடியலிலும் தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைத்தார். 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரில் இருந்த டொமிங்கோ பயஸ் அதை விவரிக்கிறார். பொழுது புலரும் முன்பே அரசர் நல்லெண்ணெய் அருந்துவார். ராபர்ட் சீவெல் 1900இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின்படி அதன் அளவு முக்கால் பைண்ட், அதாவது 400 மில்லி லிட்டருக்கும் சற்று மேல். பிறகு அதே எண்ணெயை உடல் முழுதும் பூசிக்கொள்வார். இடையில் ஒரு சிறு துணி மட்டும் உடுத்து, மண்ணால் செய்த கனத்த எடைகளைத் தூக்குவார். பூசிய எண்ணெய் வியர்வையோடு வெளியேறும் வரை வாள் சுழற்றுவார். தம் மல்லர்களுள் ஒருவரோடு மற்போர் புரிவார். குதிரையேறி வெளியில் திரிந்து மீண்டதும் குளியல். அப்போது அவரைக் குளிப்பாட்டுபவர் ஓர் அந்தணர். அரசரின் பெருமதிப்புக்கு உரியவர், மிகுந்த செல்வர் என்றும் பயஸ் குறித்துள்ளார்.

இப்பகுதி பெரும்பாலும் கிருஷ்ணதேவராயரின் உடல்வலிமைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. வலிமையை ஒருபுறம் வைத்துவிட்டு வரிசையைக் கவனிப்பதே பயன் தரும். எண்ணெய், உழைப்பு, வியர்வை, குளியல். ஆயுர்வேதம் கூறும் அப்பியங்கம், சுவேதனம், ஸ்நானம் என்ற ஒழுங்குக்கு இது மிக அணுக்கமானது. அரசர் ஆவிப்பெட்டிக்குள் அமராமல் வாள் வீசி வியர்த்தார் என்பதே வேறுபாடு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரரின் பெயரால் அமைந்த ‘மானசோல்லாசம்’ நீராட்டை அரசர்க்குரிய இன்பங்களுள் ஒன்றாகவே வைத்துப் பேசுவதால், பயஸ் கண்டது ஒருவரது தனிப் பழக்கம் மட்டுமன்று எனலாம்.

பயஸின் வாக்கியத்தில் எண்ணெய் பூசிக்கொள்பவர் அரசரே. உடன் நின்ற பணியாளர் எவரும் அங்கே இல்லை. தமிழில் இத்தகைய வாக்கியத்துக்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ‘முடி வெட்டிக்கொண்டார்’ என்றால் கத்தரிக்கோல் அவர் கையில் இருந்ததென்று யாரும் கொள்வதில்லை. ‘எண்ணெய் தேய்த்துக்கொண்டார்’ என்பதும் அவ்வாறே. தேய்த்த கை அவருடையதாகவும் இருக்கலாம், பிறருடையதாகவும் இருக்கலாம். ‘கொள்’ என்னும் துணைவினை பயன் பெற்றவரை முன்னிறுத்திச் செய்தவரை மறைத்துவிடுகிறது. இலக்கணத்துக்கு இது இயல்பு. வரலாற்றுக்கு இது இழப்பு.

சொற்களோ வேறு விதம். அவை எளிதில் மறப்பதில்லை. எள்ளின் நெய் எண்ணெய். தெலுங்கின் ‘நூனெ’ என்பதும் எள்ளைக் குறிக்கும் ‘நூ’வும் நெய்யும் சேர்ந்து பிறந்ததே. இரண்டு மொழிகளிலும் எள் தந்த நெய்யே பிற நெய்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரானது. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவதைத் தெலுங்கர் ‘தலண்டு’ என்பர். தலையில் படியச் செய்தல் என்பது அதன் பொருள். உடலில் மாவோ மஞ்சளோ பூசித் தேய்ப்பது அங்கே ‘நலுகு’, இங்கே திருமணத்தில் வைக்கும் ‘நலங்கு’. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சந்திரகிரி, சித்தூர் வட்டாரத்து வீடுகளில் தீபாவளி விடியலில் இச்சொற்கள் இரண்டு வடிவிலும் ஒலிக்கும். கோயில் வழக்கில் இதுவே காப்பு: எண்ணெய்க்காப்பு, தைலக்காப்பு. திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்தை அடுத்து இறைவனுக்குப் புனுகு சாத்தப்படுகிறது. உடலில் பூசும் ஒன்றைக் காவல் என்று பெயரிட்ட மொழி, அதை அழகுக்கலையாக மட்டும் கருதியிருக்க முடியாது.

சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று அழைத்து, முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளுள் ஒன்றாக வைக்கிறது. அதில் கையின் வேலை ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒன்பதும் பச்சைத் தமிழ் வினைகள். செய்தவர்கள் தங்கள் கையசைவுக்குத் தாங்களே இட்ட பெயர்கள் போன்று அவை தோன்றுகின்றன.

சுசுருத சங்கிதைக்கு உரை எழுதிய டல்ஹணர் எண்ணெய்க்குக் காலக்கணக்கும் தருகிறார். எண்ணெய் மயிர்க்கால்களை அடைய 300 மாத்திரை, தோலை அடைய 400, பிறகு குருதி, தசை, கொழுப்பு, எலும்பு என நூறு நூறாய் ஏறி மச்சையை அடைய 900. மாத்திரை என்றவுடன் தமிழ் படித்தவருக்கு எழுத்திலக்கணம் நினைவுக்கு வரும்; கண்ணிமைக்கும் பொழுது, குறில் ஒன்றை ஒலிக்கும் பொழுது. உரைகாரரின் அளவும் அதுவே. இன்றைய ஆயுர்வேத ஆசிரியர்கள் ஒரு மாத்திரையை மூன்றில் ஒரு நொடியளவாகக் கொள்வதால், 900 மாத்திரை ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். எண்ணெய் மச்சை வரை இறங்குவதை இன்றைய உடற்கூற்றியல் ஏற்காது. ஆயினும், ஓர் உறுப்புக்கு இத்தனை நேரம் தர வேண்டும், அவசரப்படலாகாது என்ற தொழில்விதியாக அதைக் கொண்டால் அது இன்றும் பிழையில்லை.

இத்தொழிலின் கைகள் யாருடையவை? தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நாவிதரின் பணி சவரத்தோடு நின்றதில்லை. எண்ணெய் தேய்த்தல், உடம்பு பிடித்துவிடல், புண்ணுக்கு மருந்திடல் ஆகியவையும் அவர்களுடையவை. அக்குலத்துப் பெண்கள் பிரசவம் பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் வந்த வழி அது. பயஸின் பக்கத்தில் அந்தணருக்கும் மல்லருக்கும் இடமுண்டு, இவர்களுக்கு இல்லை.

அடுத்த தலைமுறையில் ஒரு பெயர் மட்டும் கல்லில் ஏறியது. சதாசிவராயர் ஆட்சியில் (1542–1570) உண்மை அதிகாரம் இராமராயரிடம் இருந்தது. கொண்டோஜன் என்னும் நாவிதர் தம் தொழில்திறத்தால் இராமராயரின் மனத்தைக் கவர்ந்து, நாவிதர்கள் மீதான வரிகளை நீக்கும் ஆணையைப் பெற்றார். அதைப் பதிவுசெய்யும் கல்வெட்டுகள் கன்னட, தெலுங்குப் பகுதிகளின் பல ஊர்களில் கிடைத்துள்ளன. பாதாமியிலும் ஒன்று உண்டு. நீக்கப்பட்டவற்றுள் கூலியில்லாக் கட்டாய உழைப்பான வெட்டியும் அடங்கும். இன்று ‘வெட்டி வேலை’ என்று பயனற்றதைச் சொல்லும்போது நாம் ஆளும் சொல்லின் பழைய எடை அது. தன் கழுத்தருகே தினமும் கத்தி பிடிக்கும் ஒருவரிடம் ஆட்சியாளர் கொண்ட நம்பிக்கை, ஒரு தொழிற்குலம் முழுமைக்கும் சலுகையாக விரிந்திருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளை அரசரின் பெருந்தன்மைக்கு மட்டும் சான்றாகப் படிப்பது குறைப்படிப்பு. கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்டுப் பெற்றார் என்பதும் அவற்றில் உள்ளது.

உடலைத் தொடும் தொழிலுக்கு நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது என்ற வினா, கடல் கடந்தபோது வேறு விடை பெற்றது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலகம் நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரு மன்னர்களுக்கு ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ என்ற பட்டத்தோடு பணிபுரிந்தார். ஷாம்பூ என்ற சொல்லே அழுத்து, பிசை என்னும் பொருளுடைய இந்தி ஏவல் வினை ‘சாம்போ’விலிருந்து சென்றது, தலைக்கு இடும் நுரை என்ற பொருள் பின்னர் ஏறியது. அவருடைய குளியலகத்தில் நோயாளி மூலிகை ஆவியில் வியர்த்த பின், ஃபிளானல் துணியாலான ஒரு கூடாரத்துக்குள் அமர்வார். அக்கூடாரத்தில் சட்டைக்கை போன்ற திறப்புகள் இருக்கும். வெளியே நிற்பவர் அவற்றினுள் கைகளை நுழைத்து உள்ளிருப்பவரின் உடலைப் பிடித்துவிடுவார். நம் நாட்டில் செய்தவரை மொழி மறைத்தது. பிரைட்டனில் செய்யப்பட்டவரைத் துணி மறைத்தது.

இன்று திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றை நடத்துகிறது. இத்தகைய கல்லூரிகள் கற்பிக்கும் முறைப்படி அப்பியங்கம் கேள்விகளோடு தொடங்கும். காய்ச்சல் உண்டா, உண்டது செரித்ததா, எப்போது உண்டீர்கள்? அசீரணத்திலும் உண்ட உடனேயும் எண்ணெய் ஆகாது என்பது பழைய நூல்களின் விதி. ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் செய்வது வழக்கம். இடுப்புத்துணி மட்டும் இருக்க, வெதுவெதுப்பான எண்ணெய் முதலில் தலையில் இடப்படும். பிறகு அமர்ந்தும் மல்லாந்தும் ஒருக்களித்தும் குப்புறப் படுத்துமாக ஏழு நிலைகளில் உடல் தேய்க்கப்படும். நீண்ட எலும்புகளின் மேல் நீளவாக்கிலும் மூட்டுகளின் மேல் வட்டமாகவும் கை செல்லும். அதன்பின் ஆவி, சற்று ஓய்வு, பயற்றமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். கிருஷ்ணதேவராயர் வந்து பார்த்தால் வரிசை அவருக்குப் பழகியதாகவே இருக்கும். எண்ணெயைக் குடிக்கச் சொல்லவில்லையே என்று மட்டும் வியப்பார்.

அவருக்குப் புதியதாக இருப்பது நடுவே எழும் ஒரு கேள்வி. அழுத்தம் போதுமா, வலிக்கிறதா என்று தேய்ப்பவர் கேட்கிறார். படுத்திருப்பவர் குறைக்கச் சொல்லலாம், நிறுத்தவும் சொல்லலாம்.