சென்னைக் கடலில் பாய்மரப் படகுக்கு ஓர் இடம்

பாய்மரப் படகு ஒன்றைப் புதிதாக வாங்கியவர், சென்னையில் அதை எங்கே கட்டி வைப்பது என்று விசாரித்தால், விடை பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-இல் அதைத் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அப்போது மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைவரும் அவர்தான். மறு ஆண்டு கணித மேதை ராமானுஜனை எழுத்தராக வேலைக்கு எடுத்து, அவருக்குத் துணை நின்ற அதே ஸ்பிரிங். துறைமுகத்தைச் சீராக்கியவரே படகுச் சங்கத்தையும் தொடங்கியதைத் தற்செயல் என்று எண்ண முடியவில்லை. இந்தக் கரையில் படகு நிறுத்த இயற்கை இடம் தரவில்லை. செலவு செய்து உண்டாக்கத்தான் வேண்டியிருந்தது. அப்படி உண்டாக்கியபோது பலன் ஓரிடத்துக்கும் சேதம் இன்னோர் இடத்துக்கும் போனது. அதற்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்கள் கரைக்கு ஏற்றபடி படகைக் கட்டிக்கொண்டார்களே, அது அறியாமை அல்ல, தேர்ந்த அறிவு என்பதே நான் சொல்ல வருவது.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் வாங்கியபோது கிடைத்தது திறந்த மணற்கரை. காற்றை மறைக்க மலையோ, அலையை மறிக்கத் தீவோ கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டன. ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறிக் கரை சேர்ந்தன. அந்தப் படகில் இரும்பு ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் இடுக்கில் நார் திணித்திருப்பார்கள். உடையும் அலை தூக்கி மணலில் போடும்போது ஆணி அடித்த மரம் பிளக்கும். தைத்த மரம் நெளிந்து கொடுக்கும். படகோட்டிகள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் காத்திருந்து, பின்னால் வரும் அலையைப் பார்த்துத் தக்க சமயத்தில் ஒரே மூச்சில் துடுப்புப் போட்டுக் கரையேறுவார்கள். கட்டுமரமோ இன்னும் எளியது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே தூக்கிப்போய் மேட்டு மணலில் காயப் போட்டுவிடலாம். அதற்குத் துறைமுகமே தேவையில்லை; நாலு பேரின் தோள் போதும்.

கம்பெனிக் கப்பல்களுக்கு அந்த வசதி இல்லை. ஏரா என்னும் அடிக்கட்டை ஆழமாக இறங்கிய கலம் மணலில் ஏற முடியாது, அலையில் நெளியவும் முடியாது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பினால் ஓடிப்போவது ஒன்றே வழி. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். அக்டோபரில் அடித்த புயல் கோட்டைக்கு எதிரே நின்ற அவர் கப்பல்கள் பலவற்றை அழித்துவிட்டது. பருவமழைக் காலத்தில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்ற தேவைதான், திருகோணமலை மீது ஐரோப்பிய அரசுகளுக்கு அத்தனை ஆசையை உண்டாக்கிய பெரிய காரணம். 1795-இல் ஆங்கிலேயர் அதை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். கலத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு இடம் தேடினால் தேடல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இது சான்று.

இங்கே ஒரு மறுப்பு வரும். காவிரிப்பூம்பட்டினமும் கொற்கையும் இயற்கைத் துறைமுகங்கள் இல்லையா? இருந்தன. ஆனால் அவை ஆற்று முகத்துவாரங்கள். ஆறு தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவருகிறது. கடல் மணலைத் தள்ளி வாயை அடைக்கிறது. கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. முத்துக்குப் பெயர்போன பட்டினத்தையே கைவிட்ட கரை இது. அந்தத் துறைகளின் பெருமை உண்மை; அவை நிலைக்கவில்லை என்பதும் உண்மை.

19-ஆம் நூற்றாண்டில் கடலுக்குள் இரும்புப் பாலம் நீட்டிப் பார்த்தார்கள். பிறகு 1876-இல் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அவற்றைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டி முடித்தும் நிம்மதி இல்லை: வாய் கிழக்கு நோக்கி இருந்ததால் அலை நேரே உள்ளே வந்தது. 1904-இல் தலைவரான ஸ்பிரிங் அந்த வாயை அடைத்து, வடகிழக்கில் புது வாய் திறந்தார். அதன் பிறகே உள்ளே தண்ணீர் அடங்கியது.

ஆனால் இந்தக் கரையில் மணல் ஓயாமல் நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் தேங்கியது; மெரினா இன்று இவ்வளவு அகலமாக விரிந்திருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கட்டுமரம் ஏற்றிவைக்க மணல் இருந்த இடத்தில் இன்று கல் கொட்டிக் கிடக்கிறது. கப்பலுக்கு இடம் கிடைத்தது, கட்டுமரத்துக்கு இடம் போனது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாமல் துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்வது பாதி வரலாறுதான்.

துறைமுகம் இல்லாமல் ஒரு மாநகரம் பிழைக்குமா என்று கேட்கலாம். பிழைத்திருக்காது; கட்டுமரத்தில் நிலக்கரியும் இரும்பும் ஏற்ற முடியாது. துறைமுகம் கட்டியது பிழை என்று நான் வாதிடவில்லை. பழைய முறை காலாவதியாகிவிட்டது என்ற முடிவைத்தான் மறுக்கிறேன். கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகும் வெளியே மாட்டும் எஞ்சினும் வந்துவிட்டன. ஆனாலும் இந்தக் கரையின் எத்தனையோ குப்பங்களில் அந்தப் படகும் அலையைத் தாண்டி மணலில்தான் ஏறுகிறது. பொருள் மாறியிருக்கிறது, கரையைக் கேட்டுப் படகைத் தேர்ந்தெடுக்கும் அறிவு மாறவில்லை.

புதிதாகப் படகு வாங்க நினைப்பவர் விலை பேசுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளட்டும்: ஏரா எவ்வளவு ஆழம் இறங்குகிறது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது எங்கே நிற்கும். கடலோரத்தில் புதிதாக இறங்குதுறைக்கும், கடலுக்குள் கல் அடுக்கி நீட்டும் தூண்டில் வளைவுக்கும் திட்டம் போடுபவர்கள், அதற்கு வடக்கே இருக்கும் ஊரின் மணல் என்ன ஆகும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்; அந்த ஊர்க்காரர்களை அழைத்துக் கேட்ட பிறகே கல் இறக்க வேண்டும்.