கல்லூரிக்கு முன் ஒரு பள்ளிக்கூடம்

ஸர்ஃபு கல்லாத மாணவனை நேரே தஃப்ஸீர் வகுப்பில் அமர்த்தும் வழக்கம் எந்த மதரஸாவிலும் இல்லை. சொல்லிலக்கணம் முதலில், பின்னர் வாக்கிய இலக்கணமாகிய நஹ்வு, அதன் பின்னரே பெருநூல்கள். படிமுறையின் அருமையை இவ்வாறு அறிந்த நம்மவர், கல்லூரிக் கல்வியில் மட்டும் அதனை மறந்துவிடுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான பிறகே, "பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம், ஹஜ்ரத்?" என்று நம்மிடம் வருவோர் பலர். அவர்களுக்கு அலிகரின் வரலாற்றை எடுத்துரைப்பது நம் வழக்கம்.

ஸர் ஸையித் அஹ்மத் கான் 1817இல் டில்லியில் பிறந்தவர். 1869இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கல்விமுறையைக் கண்டு, மறு ஆண்டு தாயகம் திரும்பினார். அத்தகைய கல்விக்கூடம் ஒன்றை இங்கும் காண்பதே அவர்தம் வேட்கை. ஆயினும் 1875 மே 24ஆம் நாள் அலிகரில் திறக்கப்பெற்றது கல்லூரியன்று; பள்ளிக்கூடமே! ஸர் ஸையித் அப்போது அரசுப் பணியில் வெளியூரில் இருந்தமையால், பள்ளியின் பொறுப்பை மௌலவி ஸமீயுல்லாஹ் கான் ஏற்று நடத்தினார்.

பள்ளி முந்தியது ஏன்? அக்காலத்தில் கல்லூரியில் சேரக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறியாக வேண்டும். அதற்கு ஆங்கிலமும் கணிதமும் இன்றியமையாதவை. அரபும் பார்ஸியும் கற்ற குடும்பங்கள் பல, தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பாதிருந்தன. அப்பிள்ளைகளிடம் இருந்தது அறிவுக் குறைவன்று, ஆயத்தக் குறைவு. எத்துணை அழகிய கல்லூரி கட்டினும், அதனுள் புகத் தகுதியுடைய மாணவர் இல்லையேல் பயன் யாது?

1877 ஜனவரி 8இல் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1878இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. பள்ளி வாயிலாக நுழைந்த அக்கல்விக்கூடமே 1920இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நம் தமிழகத்திலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. 1901இல் தோன்றிய வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம், முதலில் பள்ளி நடத்திப் பின்னரே 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியைக் கண்டது.

அன்று பெரியோர் செய்த இவ்வாயத்தம் இன்று ஒவ்வொரு இல்லத்தின் கடமையாகும். தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின், கல்லூரிப் பாதை பத்தாம் வகுப்பின் முடிவிலேயே பிரிந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்குப் பொறியியல் கடினம். உயிரியலைக் கைவிட்ட பிள்ளைக்கு மருத்துவம் கடினம். பதினைந்து வயதுப் பிள்ளை, தோழன் சேர்ந்த பிரிவு என்பதற்காக ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. இரண்டாண்டு கழித்து அதன் விளைவைக் கண்டு பெற்றோர் வருந்துகின்றனர்.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையை அருகிலமர்த்திப் பேசுங்கள். அதன் நாட்டம் எதில், தளர்ச்சி எதில் என்று ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். கணிதம் தடுமாறினால் அப்போதே கைகொடுங்கள். ஆங்கிலத்தில் நாள்தோறும் ஒரு பக்கமேனும் படிக்கச் செய்யுங்கள். கட்டணத்திற்கான சேமிப்பையும் அன்றே தொடங்குங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும்!

கல்லூரியின் முதற் செங்கல் பள்ளிக்கூடத்தில் வைக்கப்படுகிறது. அலிகர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.