பின்னிணைப்பு (இணையம்)

பின்னிணைப்பு என்பது ஓர் இணையதளத்தின் பக்கத்தை நோக்கிப் பிறிதொரு தளத்தின் பக்கத்திலிருந்து இடப்படும் சுட்டியாகும். நூலின் கடைசியில் சேர்க்கப்படும் அனுபந்தத்துக்கும் தமிழில் இதே பெயர் வழங்குவதால், முதன்முறை கேட்பவருக்கு மயக்கம் உண்டாதல் இயல்பே. அது கருதியே தொழில் செய்வோர் பெரும்பாலும் ‘பேக்லிங்க்’ என்னும் சொல்லை அப்படியே எடுத்தாளுகின்றனர். தம் பக்கத்திலிருந்து வெளியே செல்லும் சுட்டியை ஒருவர் விரும்பியபோது இடலாம், விரும்பியபோது நீக்கலாம். தம்மை நோக்கி வரும் சுட்டியோ பிறர் கையில் இருப்பது. பிறர் கையில் இருப்பதனாலேயே அதற்கு மதிப்பு உண்டாயிற்று. மதிப்பு உண்டான மறுகணமே அதனைத் தம் கைக்குள் கொண்டுவரும் முயற்சிகளும் தொடங்கின. புதுத்தளம் ஒன்றை உலகறியச் செய்யும் கலையின் சரித்திரம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமேயாகும்.

இக்கருத்து கணிப்பொறியோடு பிறந்ததன்று. ஒரு நூலை மற்றொரு நூல் எடுத்துக்காட்டுவதைப் பிரமாணமாகக் கொள்ளும் வழக்கம் தமிழ் உரைமரபில் தொன்மையானது. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாகக் கிடைக்காவிடினும், பிற நூல்களின் உரைகளிலும் தொகை நூல்களிலும் சிதறி நின்ற பாடல்களைக் கொண்டே அவை இருந்தமையை நாம் அறிகின்றோம். இத்தகைய மேற்கோள்களின் தடம்பற்றிச் சென்று நூல்களையே கண்டெடுத்த பெருஞ்செயல் காவிரிக் கரையில் நிகழ்ந்தது. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து, அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீப்பாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது, நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சொல்லாமலே காட்டியிருந்த மேற்கோள்கள் அவரைத் திகைக்கச் செய்தன. எந்த நூலின் அடி எது என்று விளங்காமல் அவற்றை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தவர், பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளைப் புரட்டுகையில், பொருநராற்றுப்படை முதலிய பாட்டுக்களின் அடிகள் அம்மேற்கோள்களோடு பொருந்தக் கண்டார். சிந்தாமணி 1887-இலும் பத்துப்பாட்டு 1889-இலும் அச்சேறின. மேற்கோளின் மேல் நூற்பெயரை எழுதாமல் விட்ட நச்சினார்க்கினியரின் வழக்கம் இன்றைய தேடுபொறிக்காரருக்குச் சிறிதும் பிடித்திராது. ஆயினும் அவர் எவரிடமும் கைம்மாறு கருதி மேற்கோள் காட்டவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

மேலைநாட்டில் இவ்வழக்கத்தைக் கணக்காக மாற்றியவர் யூஜின் கார்ஃபீல்டு. ஒரு விஞ்ஞானக் கட்டுரையை அதற்குப் பின்வந்த எக்கட்டுரைகள் எடுத்துக்காட்டின என்று தேடிக் காண்பதற்குரிய அட்டவணை வேண்டும் என 1955-இல் எழுதிய அவர், 1964-இல் அதனைச் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்ற பெயரால் வெளியிடவும் செய்தார். வைய விரிவு வலையின் தொடக்க ஆண்டுகளில் தளங்களைத் தேடித் தருவதற்கு இருவகை ஏற்பாடுகளே இருந்தன. ஒன்று, 1994-இல் தொடங்கிய யாகூவின் அடைவும் 1998-இல் தொடங்கி 2017 மார்ச்சு வரை நடந்த டிமோஸ் அடைவும்போல, மனிதர் பார்த்து வகைப்படுத்துவது. மற்றொன்று, பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்று இயந்திரம் எண்ணுவது. முன்னது விரைவில் களைத்தது; பின்னதை ஏமாற்றுவது குழந்தை விளையாட்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜும் செர்கேய் பிரினும் 1996-இல், ஒரு பக்கத்தை எவரெவர் சுட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளக்கப் புகுந்தனர். அவர்தம் முதற்பொறியின் பெயர் ‘பேக்ரப்’. பின்னிணைப்புகளை ஆராய்வது பற்றியே அப்பெயர் அமைந்தது. 1998-இல் அதுவே கூகிள் நிறுவனமாயிற்று. அளக்கும் முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர்.

பேஜ்ரேங்க் இயங்கும் விதத்தைக் கல்லணையில் நின்று பார்த்தவருக்கு விளக்குவது எளிது. மேட்டூரிலிருந்து வரும் நீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகின்றது. வெண்ணாற்றின் நீர் தென்பெரம்பூரில் மீண்டும் வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று பகுக்கப்படுகின்றது. அதன்பின் வாய்க்கால், கன்னி, வயல். அவ்வாறே ஒரு பக்கம் தான் பெற்ற மதிப்பைத் தன்னிலிருந்து புறப்படும் சுட்டிகளுக்குச் சமமாகப் பங்கிடுகின்றது. நான்கு சுட்டிகள் உள்ள பக்கம் ஒவ்வொன்றுக்கும் கால்பங்கு தரும். நானூறு சுட்டிகளை அடுக்கி வைத்த பக்கம் தரும் பங்கு ஈரங்காட்டவும் போதாது. பெரிய ஆற்றின் தலைமதகிலிருந்து வரும் ஒரே வாய்க்கால், குட்டைகளிலிருந்து வரும் நூறு வாய்க்கால்களினும் மேலாவது இதனாலேதான். இப்படிச் சுட்டிகளின் வழியே ஓடும் மதிப்பு நூற்றுக்கு 85 பங்கு என்று அவ்விருவரும் வைத்துக்கொண்டனர். எஞ்சிய 15 பங்கு, ஊர் முழுவதும் பெய்யும் மழைபோல் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாகப் பகிரப்படுகின்றது. ஆற்றில் நிகழாத ஒன்று மட்டும் இங்கே உண்டு: கீழ்மடைக்குப் போன மதிப்பு மேல்மடைக்கே திரும்பிவரவும் கூடும், ஆகவே கணக்கு அசையாது நிலைபெறும் வரையில் திரும்பத் திரும்பப் போடப்படுகின்றது. இன்று பிறந்த இணையதளம் இந்நீரமைப்பில் கடைமடை வயல். அதற்கு வாய்ப்பது மழைநீர் மட்டுமே.

தஞ்சையில் தலையாட்டி பொம்மை செய்து விற்பவர் ஒருவர் புதுத்தளம் தொடங்கியிருக்கிறார் என்று கொள்வோம். முதலில் அவர் செய்யவேண்டியது கூகிளின் ‘சர்ச் கன்சோல்’ என்னும் இலவசப் பகுதியில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலாகிய சைட்மேப்பை ஒப்புவித்தல். அடுத்து, கடையைக் கூகிள் வரைபடத்தில் சேர்த்து, பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எல்லா இடத்தும் ஒரேவிதமாக எழுதுதல். இது சிறு விஷயமாகத் தோன்றினும், ஓரிடத்தில் தஞ்சாவூர், ஓரிடத்தில் தஞ்சை, ஆங்கிலேயர் கால வழக்கைப் பற்றி ஓரிடத்தில் டாஞ்சூர் என்று எழுதிவிட்டு, மூன்றும் ஒரே கடை என்று இயந்திரம் தானே உணர்ந்துகொள்ளும் என நம்பியிருப்போர் மிகப் பலர். பிறகே சுட்டி தேடுதல். பொம்மையின் அடிப்பாகம் உருண்டையாயும் கனமாயும் இருப்பதனால் சாய்த்துவிட்டாலும் அது நிமிர்ந்து நிற்கும் தத்துவத்தைப் படங்களோடு விளக்கி அவர் ஒரு பக்கம் எழுதுவாராயின், பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியரும், சுற்றுலா பற்றி எழுதுவோரும், புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களைத் தொகுப்போரும் கேளாமலே அதனைச் சுட்டுவர். ‘தரமான பொம்மைகள் கிடைக்கும்’ என்று மட்டும் எழுதிய பக்கத்தைச் சுட்டுவதற்கு எவருக்கும் முகாந்தரம் இல்லை. சுட்டியின் மேல் எழுதப்படும் சொல்லும் கணக்கில் சேரும். ‘இங்கே சொடுக்குக’ என்பதைவிடத் ‘தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை’ என்று எழுதப்பட்ட சுட்டி பக்கத்தின் பொருளை இயந்திரத்துக்கு உணர்த்தும்.

தமிழ்த் தளங்களுக்குத் தொடக்கத்தில் சுட்டிப் பஞ்சத்தினும் கொடியதொரு தடை இருந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவும் குறியேற்றமும் வைத்திருந்த காலத்தில், திஸ்கி, டாம், டாப் முதலிய முறைகளில் எழுதப்பட்டவை தேடுபொறியின் கண்ணுக்குப் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகவே பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு காண முயன்றது. எனினும் இணையத்தில் நிலைபெற்றது யூனிகோடாகிய ஒருங்குறியே. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. படிக்கவே முடியாத பக்கத்துக்கு எத்தனை சுட்டி வந்து என்ன பயன்?

ஒருங்குறி பரவத் தொடங்கிய அக்காலத்திலேயே, அதாவது 2003 முதல், தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. அவற்றை ஓரிடத்தில் காட்டும் திரட்டியாகத் தமிழ்மணத்தைக் காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கினார். தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என்பன பின்னர் வந்தன. பதிவர் தம் வார்ப்புருவில் தமிழ்மணத்தின் பட்டையை ஒட்டிவைத்தால் புதிய இடுகை முகப்பில் தோன்றும். வேறு இடுகைகள் வரவரக் கீழே இறங்கும். மறுமொழி வந்தால் அப்படி வந்தவற்றின் வரிசையில் மீண்டும் இடம்பெறும். வாசகர் வாக்குகள் அதனை மேலும் உயர்த்தும். விளம்பரத்துக்குக் காசு இல்லாத புதுப்பதிவருக்குச் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான வாசகரைக் கொண்டுவந்து சேர்த்த இவ்வேற்பாட்டுக்கு ஈடானது தமிழ் இணையத்தில் அதற்குமுன் இருந்ததில்லை என்றே கூறலாம். ஆயின், நீ எனக்கு மறுமொழி இட்டால் நான் உனக்கு இடுவேன், நீ வாக்களித்தால் நான் வாக்களிப்பேன், உன் பக்கத்தின் ஓரத்தில் என் சுட்டியை வைத்தால் என் பக்கத்தின் ஓரத்தில் உன் சுட்டியை வைப்பேன் என்னும் உடன்படிக்கைகளும் விரைவிலேயே மலிந்தன.

இதற்கு மொய் என்பதினும் பொருத்தமான பெயர் கிடையாது. கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய பேராவூரணிப் பக்கத்திலும், அதனையொட்டிய புதுக்கோட்டைச் சீமையின் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்தைக் கண்டவர் இதனை நன்கு உணர்வர். கல்யாணமோ காதுகுத்தோ இன்றி, பணம் திரட்டுவதற்கென்றே பத்திரிகை அடித்துப் பந்தல் போட்டு, பலர் கூட்டாகச் சேர்ந்து ஆட்டுக்கறிச் சோறு போடுவர். வந்தவர் சாப்பிட்டுக் கைகழுவிய பின் மேசையில் அமர்ந்திருப்பவரிடம் பெயரும் ஊரும் சொல்லித் தொகையைத் தருவர். அது நோட்டில் ஏறும். தந்தவர் விருந்து வைக்கும் ஆண்டில் அத்தொகை, மேலும் சிறிது சேர்த்து, திரும்பிச் செல்லும். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் வட்டியில்லாக் கடனாக உதவும் இவ்வழக்கம் மிகவும் மெச்சத்தக்கது. எனினும் மொய் நோட்டைப் புரட்டி, இன்னாரே இவ்வூரில் பெரிய பண்டிதர் என்று எவரேனும் முடிவு செய்வரோ? சுட்டி மாற்று வணிகம் கூகிளைச் செய்யும்படி கேட்டது அதைத்தான்.

கூகிள் அதற்கு இசையவில்லை. பிறர் தளங்களின் மறுமொழிப் பெட்டிகளில் சுட்டிகளைக் கொட்டும் குப்பைக்காரரைத் தடுக்க, 2005 ஜனவரியில் கூகிள், யாகூ, எம்.எஸ்.என். மூன்றும் ‘நோ-ஃபாலோ’ என்னும் குறியை ஏற்றன; அக்குறி தாங்கிய சுட்டி வழியே மதிப்பு ஓடாது என்பது ஏற்பாடு. 2011 பிப்ரவரியில், ஜே.சி. பென்னி என்னும் அமெரிக்கப் பெருங்கடைக்குச் சார்பாகச் சம்பந்தமற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களில் சுட்டிகள் இடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் அம்பலமாக்கியது. கூகிள் அக்கடையைத் தேடல் வரிசையில் கீழே தள்ளிற்று. 2012 ஏப்ரல் 24-இல் வெளிவந்த ‘பெங்குவின்’ மாற்றம் சுட்டிப் பண்ணைகளையும் விலைக்கு வாங்கிய சுட்டிகளையும் குறிவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், வேண்டாத சுட்டிகளைத் தமக்குரியன அல்ல என்று எழுதிக்கொடுத்து விலக்கிக்கொள்ளும் வசதியையும் கூகிள் ஏற்படுத்தியது. காசு கொடுத்துப் பெற்ற மொய்யைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று வாங்கியவரே மனுப்போடும் விசித்திரத்தை அவ்வாண்டில் உலகம் கண்டது. ‘ஆயிரம் பேக்லிங்க் ஐந்நூறு ரூபாய்’ என்று இன்றும் விற்போர் உளர், வாங்குவோரும் உளர்.

முகநூலும் வாட்ஸாப்பும் வந்தபின் திரட்டிகள் ஒளி குன்றின. அவற்றில் பகிரப்படும் சுட்டி ஒரு நாளில் ஆயிரம் பேரைக் கொண்டுவரும், மறுநாள் மறைந்துபோம். நின்று பயன்தந்தவை வேறு வகையின. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பா. ஜம்புலிங்கம், சோழ நாட்டில் பௌத்தம் என்னும் தம் ஆய்வுப்பொருளையே பெயராகக் கொண்ட வலைப்பூவில், களத்தில் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றிப் பல்லாண்டுகளாக எழுதிவருவதோடு, தமிழ் விக்கிப்பீடியாவிலும் சோழநாட்டுக் கோயில்களைக் குறித்துக் கட்டுரைகள் படைத்துள்ளார். இன்ன ஊரில் இன்ன சிலை உள்ளது என்று அறிய விழைபவருக்கு இத்தகைய பக்கத்தை விட்டால் வேறு போக்கிடம் இராது. சுட்டப்படுவதற்கு அதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகளோ நோ-ஃபாலோ குறி தாங்கியவை. ஆங்கில விக்கிப்பீடியாவில் இது 2007 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 2019 செப்டம்பரில் கூகிள் அக்குறியைக் கட்டளையாக அன்றி ஒரு குறிப்பாகவே இனிக் கொள்வதாக அறிவித்தது. கணக்கில் அச்சுட்டிகள் எவ்வளவு ஏறுகின்றன என்பது கூகிளுக்கே வெளிச்சம். படிப்பவர் அவற்றின் வழியே வந்துகொண்டிருக்கின்றனர்.