பெயரில்லாத காபிக்கு ஒரு விளம்பரம்

வடக்கே மாற்றலாகி வரும் தமிழர் முதலில் விசாரிப்பது இரண்டு விஷயம். வீட்டு வாடகை எவ்வளவு, நல்ல காபி எங்கே கிடைக்கும். இரண்டாவதற்குப் பல வருஷங்களாகச் சொல்லப்பட்ட பதில், காபி ஹவுஸ். அது ஹோட்டல் வியாபாரமாக ஆரம்பிக்கப்பட்டதல்ல, விளம்பரமாக ஆரம்பிக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

1929-க்குப் பிறகு உலகமெங்கும் மந்தம். காபி விலை சரிந்தது. உள்நாட்டில் குடிக்க ஆள் சேர்த்தாக வேண்டும். ஆனால் குடகில் ஒருவர் தன் காசில் "காபி குடியுங்கள்" என்று விளம்பரம் செய்தால், லாபம் சிக்மகளூர்க்காரருக்கும் ஏற்காட்டுக்காரருக்கும் சேர்த்துத்தானே போகும்? கொட்டையில் யார் பெயரும் எழுதியிருக்காதே! எனவே யாரும் தனியாகச் செலவு செய்ய மாட்டார்கள். பி.காம். படித்தவர்களுக்குத் தெரிந்த சிக்கல்தான். ஒரே வழி, எல்லோரிடமும் கட்டாய வசூல்.

1935-ல் காபி செஸ் சட்டம் வந்தது. செஸ் கமிட்டி 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் இந்தியா காபி ஹவுஸைத் திறந்தது. போஸ்டர் ஒட்டுவதைவிட ஒரு கப் காபியைக் கையில் கொடுப்பது மேல் என்ற கணக்கு.

பிறகு உலகப்போர். ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. 1942 சட்டத்தின்கீழ் காபி போர்டு உருவானது. விதைக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொண்டது போக, மொத்த விளைச்சலையும் போர்டின் பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். போர்டு ஏலம் விட்டுத் தவணை தவணையாகப் பணம் தரும். தவணைக்காகக் காத்திருக்கும் சிறு விவசாயியின் நிலைமை, கடன் பிரிவில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்குப் புரியும்.

1950-களில் போர்டு காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தது. வேலை இழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலன் துணையோடு கூட்டுறவு சங்கம் அமைத்து அவற்றைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூர், அதே வருஷம் டெல்லி. விளம்பரம் கொடுத்தவர் கைவிட்டார், பரிமாறியவர் காப்பாற்றினார்!

தொகுப்பு முறை 1996-ல் முழுதாக முடிந்தது. விவசாயிக்கு இஷ்டப்படி விற்கும் சுதந்திரம் கிடைத்தது. கூடவே உலக விலையின் அடியும் கிடைத்தது. 2001 வாக்கில் விலை படுத்தபோது சிறு தோட்டக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்று டிவியில் வருவது பெரும்பாலும் பிராண்டு விளம்பரம். அதில் கம்பெனி பெயர் இருக்கும், தோட்டக்காரர் இருக்க மாட்டார்.

உங்கள் ஊரில் காபி ஹவுஸ் இருந்தால் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். விசிறித் தலைப்பாகையோடு ஒருவர் கப்பை வைக்கும்போது, முதன்முதலில் இதற்குச் செலவழித்தது யார் பணம் என்ற கதையையும் சொல்லுங்கள்.