பனிமலைத் துகளும் சப்பிரகமுவைச் செம்மண்ணும்

கடலின் வளத்தைக் கடலிலேயே தேடுதல் நம் வழக்கம். ஆயின், கடலில் மிதந்து வாழும் நுண்டாவரங்களுக்கு வேண்டிய இரும்பு, சிலிக்கா, பொசுபரசு ஆகியவற்றின் ஆதி ஊற்று நிலத்துப் பாறைகளேயாம். எனவே மலைக்கும் கடலுக்குமிடையே நீண்டதொரு வரலாறு உண்டு. அதனை இரு மலைகளைக் கொண்டு நோக்குவோம்.

முதலாவது இமயம். அங்கு பனியாறு நகருங்கால் அடிப்பாறையை மாவென அரைக்கின்றது. உருகுநீர் அம்மாவைச் சுமந்து இறங்குகின்றது. பனி அரைத்ததும் மழை அரித்ததுமாக, ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி தொன் வண்டலைக் கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்கின்றன. கடலடியில் அது படிந்தமைந்த வங்க விசிறியைக் கரே, மூர் என்னும் அறிஞர் 1971இல் விரித்துரைத்தனர். ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்விசிறி இலங்கையின் கீழ்க்கடலைக் கடந்தும் தெற்கே செல்கின்றது. தென்சமுத்திரத்தில் உயிர்வளத்தைக் கட்டுப்படுத்துவது இரும்பின் குறைவே என 1990இல் ஜோன் மார்ட்டின் வாதிட்டபின், உருகுநீர் சுமக்கும் இரும்பு ஆய்வாளர் கவனத்தை ஈர்த்தது. கிறீன்லாந்து உருகுநீரில் இரும்பு மிகுந்திருப்பினும், அதன் பெரும்பகுதி கரையோரக் கழிகளிலேயே படிந்துவிடுதலும் பின்னர் அறியப்பட்டது.

இரண்டாவது சிவனொளிபாதமலை. இங்கு பனியாறில்லை, மழையே உண்டு. எஹலியகொட, இரத்தினபுரிப் பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும். வெப்பமும் ஈரமும் பாறையை அரைப்பதில்லை, கரைக்கின்றன. சிலிக்கா கரைந்து களுகங்கை வழியே களுத்துறைக் கடலை அடைய, இரும்பு செம்மண்ணாக மலையிலேயே தங்குகின்றது. காடு நின்றவரை அம்மண்ணும் நின்றது.

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தவே, தேயிலையும் பின்னர் இறப்பரும் பரவின. புல்லொன்றும் விடாது களைபிடுங்கும் முறை மண்ணை மழைக்குத் திறந்துவிட்டது. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலும் வெளிவந்தன. ஆயின், சட்டம் வருமுன்னரே சரிவுகளிற் கான் வெட்டியும் கல்வரிசை கட்டியும் மண்ணை மறித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். களை பிடுங்குமாறு பணிக்கப்பட்டவர்களும் அவர்களே.

மலை இழந்தது கடலுக்கு ஆதாயமன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. ஆற்றுநீர் உவர்நீரைச் சந்திக்குமிடத்துக் களியும் இரும்பும் திரண்டு கழிமுகத்திலேயே பெரும்பாலும் படிகின்றன. எஞ்சிய கலங்கல் ஒளியை மறைத்து, பவளப் பாறைகளை மூடுகின்றது. இரும்புக்கு ஏங்கும் தென்சமுத்திரத்தின் நிலை நம் கரையோரக் கடலுக்கு இல்லை.

தோட்டங்களின் வரலாற்றை ஏற்றுமதிக் கணக்குகளைக் கொண்டே எழுதி வந்துள்ளோம். ஏற்றுமதியான இறாத்தல்களுக்கு ஏடு உண்டு. ஆற்றோடு போன மண்ணுக்கு ஏடில்லை. அச்சரிவுகளில் இன்றும் வாழ்வோருக்கு எஞ்சியிருப்பது அம்மண்ணேயாதலின், அதன் வரலாற்றையும் எழுதுதல் நம் கடனாகும்.