நியூயார்க்கின் பழைய நகர மண்டபம்

நியூயார்க் நகரில் வால் தெருவும் நாஸோ தெருவும் சந்திக்குமிடத்தில் உள்ள கிரேக்க பாணிக் கட்டடத்தின் படிகளில் ஜார்ஜ் வாஷிங்டனின் வெண்கலச் சிலை நிற்பதைக் கண்டு, முதல் ஜனாதிபதி அக்கட்டடத்திலேயே பதவிப் பிரமாணம் செய்துகொண்டார் என்று கருதிவிடுவது எளிது. அதுவோ 1842இல் சுங்க அலுவலகமாகக் கட்டி முடிக்கப்பட்டது. வாஷிங்டன் நின்ற உப்பரிகையைக் கொண்ட பழைய நகர மண்டபம் 1812இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. இம்மயக்கத்தைத் திருத்த இரண்டு தேதிகள் போதும். நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த ஒரு பொது ஸ்தாபனத்தை, மத்திய அரசாங்கம் அங்கே வீற்றிருந்த ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தை மட்டும் கொண்டு மதிப்பிடும் வழக்கமே இக்கட்டுரை மறுக்க முற்படுவது.

1699இல் நிர்மாணம் தொடங்கப்பெற்று, நகரின் வடபுற மதிலிலிருந்து இடித்தெடுத்த கொத்தளக் கற்களையும் கொண்டு எழுந்த அம்மண்டபத்தில், நகர சபையும் மாகாணச் சட்டசபையும் நியாயஸ்தலமும் சிறைச்சாலையும் ஒரே கூரையின் கீழ் இயங்கின. கவர்னர் காஸ்பியைத் தம் பத்திரிகையில் கண்டித்த குற்றத்துக்காக ஜான் பீட்டர் ஸெங்கர் அதன் மேல்மாடிச் சிறையில் ஒன்பது மாத காலம் அடைபட்டுக் கிடந்ததும், 1735 ஆகஸ்டில் அதே கட்டடத்து நியாயஸ்தலத்தில், பிலடெல்பியாவிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹாமில்டனின் வாதத்தைக் கேட்ட ஜூரிகள் அவரை நிரபராதியென விடுவித்ததும், பத்திரிகைச் சுதந்திரத்தின் சரித்திரத்தில் நியாயமாகவே போற்றப்படுகின்றன.

ஆனால் ஆறே ஆண்டுகள் கழித்து, 1741இல், நகரில் அடுத்தடுத்து நேர்ந்த தீவிபத்துகளுக்கு அடிமைகளின் சதியே காரணம் என்ற பீதி பரவியபோது, அதே மண்டபத்தில் கூடிய நியாயஸ்தலம், மேரி பர்ட்டன் என்ற இளம் பணிப்பெண்ணின் சாட்சியத்தையும், மரண பயத்தில் பெறப்பட்ட வாக்குமூலங்களையும் பெரிதும் நம்பி, 30 பேருக்கு மேற்பட்டோரைத் தூக்குக்கும் நெருப்புக்கும் இரையாக்கிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைகளுக்காக வாதாட ஒரு வழக்கறிஞரும் முன்வரவில்லை. ஸெங்கருக்காக நீதிபதிகளின் நியமனத்தையே ஆட்சேபித்து, அதன் காரணமாகத் தொழில் செய்யும் உரிமையை இழந்து, பின்னர் அதைத் திரும்பப் பெற்ற வில்லியம் ஸ்மித்தும் இம்முறை அரசுத் தரப்பிலேயே நின்றார். இவ்விரண்டு வழக்குகளையும் பிரித்துப் படிப்பவர்க்கு அம்மண்டபம் விளங்காது. பத்திராதிபரைக் காத்த ஜூரி முறை, அடிமையைக் காக்கவில்லை.

1788இல் பிரெஞ்சுப் பொறியாளர் லான்ஃபான் அம்மண்டபத்தை ‘ஃபெடரல் ஹால்’ ஆகப் புதுப்பித்தமையும், 1789 ஏப்ரல் 30இல் ராபர்ட் லிவிங்ஸ்டன் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தமையும் பலரும் அறிந்தவை. அவ்வாண்டு செப்டம்பரில், பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் அடங்கிய 12 திருத்தங்களை மாநிலங்களின் சம்மதத்துக்கு அனுப்பிய காங்கிரஸ் கூடியிருந்தது, ஸெங்கர் சிறைப்பட்டிருந்த அதே கட்டடத்தில்தான் என்பது, இங்கு நான் வற்புறுத்தும் தொடர்ச்சிக்கு வலிய சான்றாகும்.

1790இல் தலைநகரம் பிலடெல்பியாவுக்கு மாறிற்று. புதிய நகர மண்டபம் வேறிடத்தில் எழுந்தது. பழையது வெறும் கட்டடச் சாமானாக, 425 டாலருக்கு விலைபோயிற்று என்பர். உப்பரிகைக் கிராதியின் ஒரு பகுதி நியூயார்க் சரித்திர சங்கத்தின் பாதுகாப்பில் உள்ளது. எனினும், கிராதியைக் கொண்டு ஒரு நாளின் சடங்கை அறியலாமேயன்றி, அங்கு நடந்த நியாய பரிபாலனத்தை அறிய இயலாது. அதற்கு, 1741ஆம் ஆண்டு நீதிபதிகளுள் ஒருவரான டேனியல் ஹார்ஸ்மாண்டன் 1744இல் வெளியிட்ட விசாரணைப் பதிவையே நாட வேண்டும். தம் தீர்ப்புகளை நியாயப்படுத்துவதற்காகவே அவர் அதை எழுதினாரெனினும், கைதான அடிமைகளின் பெயர்களும், அவர்தம் எஜமானர்களின் பெயர்களும், ஒவ்வொருவர்க்கும் விதிக்கப்பட்ட தண்டனையும் அந்நூலில்தான் ஒருங்கே கிடைக்கின்றன.